எங்கே நிற்கிறது அந்தக் கப்பல்?

விடியும் முன்பே அரியக்குடிக் காளவாசலில் செங்கல் வேலை தொடங்கிவிட்டது. குளிர்ந்த சேற்றைச் சோணையம்மாள் மிதித்தாள். செந்தாமரை அச்சில் வார்த்துப் போட்டாள். அடைக்கலமேரி உலர்ந்த, சுடாத கல்லைத் தலையில் சுமந்து அடுக்கினாள். மூவருடைய புருஷன்மாரும் வளைகுடாவில், தீவுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு கப்பலில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். செக்காலை ஏஜெண்ட் மெய்யநாதன் அனுப்பிவைத்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிகிற நேரத்துக்குச் செக்காலை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். அங்கே மூவருக்குமாக ஒருவன் பேசுவான். இங்கே மூவருக்குமாக ஒருத்தி கேட்பாள், முறை வைத்து. கேட்டவள் வெளியே வந்து, சுகமாக இருக்கிறார்களாம் என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்து வாரத்தை ஓட்டிவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அந்தப் பக்கம் புயல் என்று ரேடியோ சொன்னது. திங்கட்கிழமை சேற்றுக் காலோடு மூவரும் மெய்யநாதன் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். போனால் திரும்பி வரவேண்டாம் என்று மேஸ்திரி கத்தினான்.

மெய்யநாதன் சுவரில் தொங்கிய வெள்ளைக் கப்பல் படத்தைக் காட்டினார். கூலிக்காரர்களுக்குப் படமே போதும் என்று நினைக்கிற ஆள்.

"ரெண்டு எஞ்சினு, வயர்லெஸ்ஸு எல்லாம் இருக்கு. எதுக்குப் பதறுறீக?"

"அது இப்ப எங்குட்டு நிக்குது? அதைச் சொல்லுங்க," என்றாள் சோணையம்மாள்.

துறைமுகம் சேர்ந்தால்தானே தகவல் வரும் என்று அவர் கையை வீசினார்.

தலை குனிந்து நின்ற அடைக்கலமேரி மெல்லச் சொன்னாள்: "எஞ்சினு ஒண்ணுதான். அதுவும் நடுக்கடல்ல நின்னுபோகுதாம். நான் கேட்ட அன்னைக்கு அவுக சொன்னாக."

மற்ற இருவரும் அவளைப் பார்த்தார்கள். அன்று அவளும் சுகம் என்றுதான் சொல்லியிருந்தாள். கோபப்பட அவர்களுக்கும் வழியில்லை. தங்கள் முறையில் கேட்டதை அவர்களும் இப்போது சொன்னார்கள். வயர்லெஸ் கெட்டுக் கழற்றி வைத்திருப்பதைச் செந்தாமரை மறைத்திருந்தாள். அடியில் நீர் கசிந்து, வாளியால் இறைத்துக்கொண்டிருப்பதைச் சோணையம்மாள் மறைத்திருந்தாள். மற்றவர்களாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஒவ்வொருத்தியும் தன் பயத்தைத் தனியே விழுங்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் சேர்த்தபோது கப்பல் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

"கலாட்டா பண்ணினா உங்க ஆளுகளுக்கு வேலை போயிரும்," என்றார் மெய்யநாதன்.

"ஆளு இருக்காகளான்னே தெரியல. வேலைதான் பெருசா?" என்றாள் செந்தாமரை.

வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். உச்சி வெயிலில் காளவாசல் பெண்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் வீட்டிலும் மெய்யநாதன் அனுப்பிய ஆள் இருந்தான். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போகவும் மனமில்லை.

மேசையில் போன் மணி அடித்தது. அவர்கள் காதில் விழாமல் பேச மெய்யநாதன் கதவைச் சாத்தப் போனார். சோணையம்மாள் காலை நீட்டிக் கதவைத் தடுத்தாள்.

"சாத்தாதீக. நல்லதோ கெட்டதோ, இனிமே எல்லாரும் சேந்தே கேக்குறோம்."