எல்லாத் திருத்தமும் பெரியநாயகம்

தேர்த்திருவிழா லீவு முடிந்து ஓசூருக்குத் திரும்பிய திங்கட்கிழமை காலையில் லூர்துமேரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஓடிய வரிகளைப் பார்த்து முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதே கட்டளையை மறுபடி தட்டினாள். மறுபடியும் அதேதான் வந்தது. நூல் சுற்றும் எந்திரத்தை ஓட்டுகிற புரோகிராமில் நாலு வருஷமாகச் செய்த திருத்தங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் நேராக, செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெரியநாயகம், பெரியநாயகம், பெரியநாயகம் என்றே இருந்தது. தேதியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், போன வெள்ளிக்கிழமை.

அதாவது நாலு வருஷத்து வேலையை மேனேஜர் பெரியநாயகம் ஒரே வெள்ளிக்கிழமையில் முடித்துவிட்டார். வேளாங்கண்ணியில்கூட இப்படி ஒரு புதுமை நடந்ததாக யாரும் சொன்னதில்லை.

நடந்தது என்னவென்று அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மில்களுக்கு எந்திரம் செய்து விற்கும் அந்தக் கம்பெனியில் புரோகிராமை யார் தொட்டாலும், எந்த வரியை மாற்றினார், எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார் என்று குறித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று கம்ப்யூட்டரிலேயே இருந்தது. எஸ்.சி.சி.எஸ். என்பார்கள். பெங்களூர் தலைமை ஆபீஸ் ஆர்.சி.எஸ். என்ற புதிய ஏற்பாட்டுக்குப் போய்விட்டதால், ஓசூரும் எண்பத்தெட்டு முடிவதற்குள் மாறியாக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பழையதிலிருந்து ஒவ்வொரு திருத்தமாக எடுத்துப் புதியதில் போட வேண்டும். போடும்போது, இது இன்னார் செய்தது, இந்தத் தேதியில் செய்தது என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் பெயரையும் அன்றைய தேதியையும் கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொள்ளும்.

லீவிலிருந்து வந்து தானே செய்வதாக அவள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவருக்குத்தான் பொறுமை இல்லை. பெங்களூர்க்காரர்களிடம் ஓசூர்தான் முதலில் முடித்தது என்று சொல்ல வேண்டுமே! பெயரும் சொல்லவில்லை, தேதியும் சொல்லவில்லை. ஏன் செய்தோம் என்று அவள் யோசித்து யோசித்து எழுதிய காரணங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லா இடத்திலும் 'திருத்தம்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் போட்டுத் தள்ளியிருந்தார். லூர்துமேரி எழுந்தாள். நேராக அவர் அறைக்குப் போனாள்.

"பழசெல்லாம் எங்கீங்க சார்?"

"டிஸ்க்ல எடம் பத்தலம்மா, அழிச்சிட்டேன். டேப்ல ஒரு காப்பி இருக்குது" என்று தன் பின்னாலிருந்த பீரோவைக் காட்டினார்.

"அதக் குடுங்க. நான் சரி பண்ணிடறேன். எல்லாம் உங்க பேர்ல விழுந்திருக்குது."

பெரியநாயகம் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

"அதனால என்னம்மா? நான் கொண்டாந்து வெச்ச புள்ள நீ. நீ செஞ்சா நான் செஞ்ச மாதிரிதானே? புரோகிராம் ஓடுதில்ல, அது போதும். போயி வேலையப் பாரு."

கொண்டுவந்து வைத்தவர் அவர்தான், அதில் பொய் இல்லை. பொம்மிடிக்குப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே பங்குக்கோயில். அவள் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தபோது, பங்குச்சாமியார் ஒரு வார்த்தை சொல்ல, பெரியநாயகம் ஓசூரில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து கோயிலில் அவரைப் பார்த்தால் அவள் வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு அந்த வேலையும் சொந்தம் என்று அவர் மட்டுமல்ல, ஊரே நினைத்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மா ஆரோக்கியம்மாளிடம் சொல்லிக் கொட்டினாள். அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப என்ன, சம்பளத்தக் கொறச்சிட்டாரா?"

"இல்ல."

"வேலய வுட்டு நிக்கச் சொன்னாரா?"

"இல்லம்மா. நான் செஞ்சத அவரு செஞ்சதுன்னு போட்டுக்கிட்டாரு."

"போட்டுக்கிட்டுப் போறாரு வுடு. அந்தத் தம்பி இல்லன்னா நீ இன்னேரம் களை வெட்டிக்கிட்டுக் கெடந்திருப்ப. அவருகிட்ட மொகத்தக் காட்டாத, நல்லதில்ல."

"களை வெட்டியிருந்தா, வெட்டுனது இவதான்னாவது சொல்லியிருப்பாங்க!" என்று கத்திவிட்டு, சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பெங்களூரில் கூட்டம் நடந்தது. நாலு வருஷமாகத் தனி ஆளாக இந்தப் புரோகிராமைக் கட்டி எழுப்பியதாக பெரியநாயகம் பேசினாராம். அத்தாட்சிக்குத்தான் கம்ப்யூட்டரே சாட்சி சொல்கிறதே! தேதியை யாரும் பார்க்கவில்லை, கைதட்டினார்களாம். அவரை அங்கேயே பெரிய பதவிக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு அடிபட்டது. திரும்பி வந்தவர் ஆபீசுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். லூர்துமேரி தன் பங்கை எடுத்து குப்பைக்கூடையில் போட்டாள். அவர் பார்க்கட்டும் என்றே போட்டாள்.

லட்டு ருசி போவதற்குள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லிலிருந்து புகார் வந்துவிட்டது. கரண்ட் போய்த் திரும்பி வந்தவுடன் எந்திரங்கள் மெதுவாகத் தொடங்காமல் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் ஓடி, இருந்த நூலையெல்லாம் அறுத்துத் தள்ளிவிட்டன. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய நூல். மில்காரர்கள் எந்திரங்களைத் திருப்பி அனுப்புவோம் என்று குதித்தார்கள். எந்தத் திருத்தத்தில் கோளாறு, செய்தது யார் என்று பார்க்க பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

லூர்துமேரிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். பிறகு புரோகிராமைத் திறந்து கோளாறு எங்கே என்று தேடிப் பார்த்தாள். அது அவள் எழுதிய வரி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வேகத்தைக் கூட்டுவதற்காகச் செய்த திருத்தத்தில், நின்று ஓடும்போது பார்க்க வேண்டிய ஒரு நிபந்தனையை விட்டிருந்தாள். சந்தேகமே இல்லை, தப்பு அவளுடையதுதான். ஆனால் கம்ப்யூட்டரில் அதற்கு நேராகவும் பெரியநாயகம் என்றுதான் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சாயங்காலம் பெரியநாயகம் அவளை உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் டேப் இருந்தது. இத்தனை நாள் பூட்டிக் கிடந்த டேப்.

"பழசப் போட்டுப் பாத்தேம்மா" என்றார். குரல் தேன் மாதிரி வந்தது. "அந்தத் திருத்தம் உன்னுது. பேரு மாறி விழுந்திருச்சி. அது ஒண்ண மட்டும் சரி பண்ணிடு, அந்தாளு வரதுக்குள்ள."

அவளால் தன் காதுகளையே நம்ப முடியவில்லை.

"ஒண்ண மட்டுமாங்க?"

"மத்ததெல்லாம் இருக்கட்டும். அதையெல்லாம் இப்பக் கிளறுனா நல்லாவா இருக்கும்? நீ சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்டன்னு நானே சொல்லி உன்னக் காப்பாத்தறேன்."

"நான் செஞ்சா நீங்க செஞ்ச மாதிரின்னீங்களே சார். அப்ப இந்தத் தப்பும் நீங்க செஞ்ச மாதிரிதானே?"

அவர் முகம் கறுத்தது. "நன்றி கெட்டதனமாப் பேசாத. ஊர்ல எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நடப்ப?"

"என் மூஞ்சிய வெச்சிக்கிட்டுதான். டேப்ப எடுத்துக்கறேன். ஒண்ண மட்டும் மாத்த மாட்டேன், எல்லாத்தையும் மாத்துவேன். இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க, உங்க பேரே இருக்கட்டும்."

பெரியநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வருகிறவர் பார்க்கப் போவது கோளாறான அந்த ஓர் இடத்தைத்தான், மற்றதை எவன் படிக்கப் போகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையை மட்டும் அசைத்தார். டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வேலை கடினமில்லை. பழையதிலிருந்து ஒவ்வொரு திருத்தத்தையும் எடுத்து, அதன் பெயர், தேதி, காரணம் மூன்றையும் கூடவே சொல்லிப் புதியதில் போடும்படி ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். திருவிழா முடிந்து வந்து செய்கிறேன் என்று சொன்னாளே, அதுதான் இது. அவள் பெயர் திரையில் வர வர ஆத்திரம் தணியும் என்று பார்த்தால், கூடிக்கொண்டே போனது. தன்னுடையதைத் தானே திருடி வருகிற மாதிரி எடுத்துவைக்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. அந்தக் கோளாறான திருத்தம் வந்தபோது ஒரு நிமிஷம் கை நின்றது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்தால் அவளுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அதையும் தன் பெயரிலேயே போட்டாள்.

பெங்களூர் அதிகாரி சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட மனிதர். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். திருத்த வரலாறு முழுவதையும் பேப்பரில் அடித்து வாங்கி, கோளாறான இடத்தில் விரலை வைத்தார்.

"இது, லூர்துமேரி... யாரு?"

"நான்தாங்க."

"தப்பு உங்களதா?"

பெரியநாயகம் முந்திக்கொண்டார். "சின்னப் பொண்ணுங்க சார், புதுசு, நான்தான் கவனிக்காம..."

"என்னுதுதாங்க" என்றாள் லூர்துமேரி. "கரண்ட் போயி வந்தா மெதுவா ஓடணும்கறத நான் வுட்டுட்டேன். அதுக்கு மேல இருக்கறதும் என்னுதுங்க, கீழ இருக்கறதும் என்னுதுங்க. தப்ப மட்டும் படிச்சிட்டு வெச்சிராதீங்க, எல்லாத்தையும் படிங்க."

அந்த மனிதர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, அவசரப்படாமல் படிக்க ஆரம்பித்தார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர்.

"பெரியநாயகம் சார்" என்றார் கடைசியில். "மீட்டிங்ல எல்லாம் நீங்களே எழுதினதா ஹேளினீங்க. இதுல நிம்ம பேரு எல்லி?"

பெரியநாயகம் பேப்பரை வாங்கித் தேடினார். ஒன்று இருக்கத்தான் இருந்தது. திரையில் கம்பெனி பெயரைச் சின்ன எழுத்திலிருந்து பெரிய எழுத்துக்கு மாற்றியிருந்தார். அதை அவரே வாய்விட்டுப் படிக்க வேண்டி வந்தது.

அன்று மாலையே லூர்துமேரிக்கு மெமோ வந்தது. நூல் நாசமானதற்கு அவள்தான் பொறுப்பு என்று எழுதியிருந்தது. பெரியநாயகத்துக்கு எதுவும் வரவில்லை. அவர் கூட்டத்தில் பேசியதைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் எழுதிக் கேட்கவில்லை. பெங்களூர்ப் பதவியைப் பற்றிய பேச்சு மட்டும் நின்றுபோனது.

அவளுக்குக் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. மெமோவை இரண்டு தடவை படித்தாள். அதில் எழுதியிருந்தது ஒவ்வொன்றும் உண்மை. பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வரியைத் திருத்த உட்கார்ந்தாள்.