காயாத வெள்ளை

‘பியூ’ வரை எழுதிவிட்டு ஆபிரகாம் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பின்வாசலில் இரண்டு ஸ்டூல்களின் மேல் கறுப்படித்த மரச்சிலுவை கிடந்தது. முன்னறையில் அவர் மனைவி பியூலா சவப்பெட்டிக்குள் கிடந்தாள். மூன்றரைக்கு பாஸ்டர் வந்துவிடுவார்.

“பேர் எழுதுற ஆளு பெங்களூருக்குப் பூட்டானாம்ணா,” என்றிருந்தான், காலையில் சிலுவையைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு வால்டர். “ஸ்டிக்கர் ஒட்டிக்கலாமே?”

“அவ பேரு ஸ்டிக்கர்லயா? நான் எழுதறேன், வுடு.”

பியூலா பெயின்ட் வைக்கும் பிஸ்கட் டின்னில் வெள்ளை ட்யூப் இரண்டு இருந்தன. நிறைய இருந்ததை எடுத்து வந்திருந்தார்.

இரண்டு வருஷமாக செல்போனைப் பார்த்துப் பார்த்து அவள் வரையக் கற்றுக்கொண்டிருந்தாள். வீடு, மரம், ஆள் எதுவுமில்லாத படங்கள். குறுக்கே நாலு பட்டை இழுத்துவிட்டு, இது நிலம், இது வானம் என்பாள். விடியற்கால ரயிலில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற ஆபிரகாம், பார்த்த மாதிரி தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார். கடைசி ஆறு மாதம் அவள் சைனைட் டம்பையே திரும்பத் திரும்பப் போட்டாள். தங்கச் சுரங்கத்துக் கல்லை அரைத்துக் கொட்டிய அந்த மேட்டின் நிறம் மட்டும் வரவில்லை.

“மஞ்சள் போட்டா மஞ்சளாவே நிக்குதுங்க. சாம்பல் போட்டா செத்துப்போவுது.”

“இதுக்கா இம்மாம் பாடு? டம்புல ஒரு கை மண்ணை அள்ளினு வந்து ஒட்டிடேன். வேலை முடிஞ்சிது.”

பியூலா பிரஷ்ஷைக் கழுவப் போனாள். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் அவரிடம் காட்டவில்லை. முந்தாநாள் அவர் ரயிலில் இருந்தபோது, சமையலறையில் விழுந்தவள் அப்படியே போய்விட்டாள்.

பெயரை முடித்தார். எழுத்து கோணாமல் வந்திருந்தது. மகள் லவினா வந்து ஓரத்தைத் தொட்டாள். விரலில் வெள்ளை ஒட்டியது.

“எந்த ட்யூப் எடுத்தேப்பா? ஐயோ, இது ஆயில் பெயின்ட். மூணு நாளானாலும் காயாது. அக்ரிலிக்னா பத்து நிமிஷம். அம்மா உங்கிட்ட சொன்னதே இல்லியா?”

சொல்லியிருப்பாள். சாப்பிடும்போது ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள்.

“தொடைச்சிட்டு வேற எழுதட்டா?”

“தொடைச்சா கறுப்பெல்லாம் பூசிக்கும்பா.”

முன்னறையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

சிலுவையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. அடிக்கட்டையைப் பிடித்து, நெஞ்சில் படாமல் எட்டவே வைத்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். கல்லறைக்குப் போகும் பாதை டம்பை ஒட்டித்தான் போகிறது. ஆகஸ்ட் காற்று. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் கர்ச்சீப்பை எடுத்தார்கள். அவர் கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டார்.

மண் தள்ளி முடிந்ததும் தலைமாட்டில் சிலுவையை நட்டார்கள். சுவருக்கு அப்பால் டம்பிலிருந்து தூசி கிளம்பிக்கொண்டே இருந்தது. அவர் முதுகைக் காட்டிச் சிலுவையை மறைத்து நின்றார்.

வால்டர் குனிந்து பார்த்தான். “அண்ணா, பேரு மேல மண்ணு ஒட்டினு கீதே. ஊதி வுடட்டா?”

அப்போதுதான் அவர் பார்த்தார். எழுத்தில் பாதி வெள்ளையாக இல்லை. மஞ்சளும் இல்லை, சாம்பலும் இல்லை. தலையைத் தூக்கி டம்பைப் பார்த்தார். மறுபடி எழுத்தைப் பார்த்தார்.

“வேணாம்.”

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். லவினா கேட் அருகே காத்திருந்தாள். காற்று மறுபடி எழுந்து வந்தது.

ஆபிரகாம் ஓரடி தள்ளி நின்று அதற்கு வழி விட்டார்.