ஜோதி மற்றும் லட்சுமி

வினிதா கஞ்சிக் கரண்டியை மாமியாரின் உதட்டருகே கொண்டுபோனாள். மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துண்டால் ஒற்றிவிட்டு வினிதா நிமிர்ந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் தணிகைவேல். அவர் மடியிலிருந்த தட்டில் இட்லி மூன்றும் காய்ந்துகொண்டிருந்தன.

மூன்று நாளாக இதே கதைதான். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து மாமியார் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் சாப்பிடாத சோற்றை அவரும் சாப்பிடவில்லை. நேற்று வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசலில் மயங்கி விழுந்தார்.

"அம்மாவுக்கு முன்னாடி நைனா கெளம்பிடுவார் போலகீது," என்று வினிதாவின் புருஷன் அரசு அவளிடம் முணுமுணுத்தான். அவன் குரல் நடுங்கியதை வினிதா அன்றுதான் முதல் தடவை கேட்டாள்.

"லட்சுமிய வரச் சொல்லு," என்றாள் மாமியார், சுவரைப் பார்த்தபடி.

பக்கத்து வீட்டு ஆதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்த நேரத்துலயுமாடி ஒனக்கு அவ நெனப்பு?"

லட்சுமியைத் தெரியாதவர்கள் கொக்கிலமேட்டில் யாருமில்லை. பார்த்தவர்களும் யாருமில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம், கல்யாணமாகி நாலாம் மாதம், ராணுவத்தில் லாரி ஓட்டிய தணிகைவேலைப் பாகிஸ்தான் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பது நாளாகக் கடுதாசி இல்லை. கடற்கரை ஊர் என்பதால் பொழுது சாய்ந்தால் விளக்கை மூடச் சொல்லியிருந்தார்கள். குப்பமே பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கும். முதலில் சண்டைச் செய்தி, பிறகு படைவீரர்கள் விரும்பிக் கேட்ட பாட்டு. அப்படி ஒரு சாயங்காலம் ரேடியோப் பெண் தேன் குரலில் படித்தாள்: "எல்லையிலிருந்து தணிகைவேல், மகாபலிபுரம் கொக்கிலமேட்டில் இருக்கும் தன் அன்பு மனைவி ஜோதி மற்றும் லட்சுமி ஆகியோருக்காக விரும்பிக் கேட்ட பாடல்."

மாமியாரின் பேர் ஜோதிலட்சுமி.

அது என்ன பாட்டு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை. "யாருடி அந்த லட்சுமி?" என்று அத்தனை பேரும் ஜோதிலட்சுமியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளோ புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். 'உசுரோட கீறான், உசுரோட கீறான்' என்று நடுவில் சொல்லிக்கொண்டாள். மறுநாள் அவள் போட்ட கடுதாசியில் இருந்தது ஒரே வரி: லட்சுமி யார்?

அவர் திரும்பி வந்து சத்தியம் செய்தும் அவள் மசியவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் லட்சுமியும் குடியிருந்தாள். மீன் தீய்ந்தால் லட்சுமி வறுத்தது. அவர் வீடு திரும்ப நேரமானால் லட்சுமி வீட்டிலிருந்து வருகிறார். பதினாறு வருஷத்துக்கு முன் வினிதா விளக்கேற்ற வந்தபோதும் மாமியார் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "ஒனக்கு ரெண்டு மாமியாருடி பொண்ணு. ஒருத்தி ஆக்கிப் போடுவா. இன்னொருத்தி ரேடியோவுல கீறா."

எல்லோரும் சிரித்தார்கள். வினிதாவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அத்தைக்கு வலிக்குமோ என்று சில நாள் அவளுக்குத் தோன்றும்.

"யோவ்," என்றாள் மாமியார்.

"இன்னா?"

"இப்பவாவது சொல்லு. யாருய்யா அவ?"

அரசு, "ஏம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

தணிகைவேல் தட்டைத் தரையில் வைத்தார். "பாட்டு கேட்டு எழுதுனது தம்மாத்தூண்டு அட்ட. ஜோதின்னு எழுதறதுக்குள்ள வரி முடிஞ்சிபோச்சி. லட்சுமியக் கீழ எழுதுனேன். அந்தப் பொண்ணு ரெண்டு பேருன்னு நெனச்சிகினா. அவ்ளோதான்டி."

"அது எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா?"

"எந்தக் கடுதாசில நீ என் பேர ஒரே வரில எழுதிகீற?"

"அப்பறம் ஏன்டி அம்பது வருசமா என் உசுர வாங்குன?"

"நீ முழிக்கற முழி நல்லாருந்துச்சி."

ஆதியம்மாள் சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமியார் மூச்சு வாங்கினாள்.

"இந்தாய்யா, ஜோதி கெளம்பறா. லட்சுமிய இங்கியே உட்டுட்டுப் போறேன். அவ சோறு போட்டா துன்னு. தட்டத் தள்ளாத."

அவர் அவள் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு அந்தக் கை அங்கேயே இருக்க, அவள் மூச்சு நின்றது.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டார்கள். வினிதா வீட்டைக் கழுவிவிட்டாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய தணிகைவேல் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு சுவரோரம் உட்கார்ந்தார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஆதியம்மாள் வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன.

வினிதா தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள். அவர் ஒரு விரலால் தள்ளினார்.

"அப்பறமா."

"ரெண்டு வாயி துன்னு நைனா," என்றான் அரசு.

"வுட்றா."

அரசு எழுந்து வெளியே போய்விட்டான். வினிதா கரண்டியோடு நின்றாள். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையில் தொட்டுத்தான் காட்டுவாள். பாதிப் பேரைச் சொன்னாலும் தப்புதானா? அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா."

அவர் நிமிரவில்லை.

"லட்சுமி போடறா. துன்னுங்க."

அவர் மெல்ல நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே யாரோ படகு இஞ்சினை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. தணிகைவேல் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். ஒரு வாய், பிறகு இன்னொரு வாய். மெல்லுவதற்கு நேரமெடுத்தது.

நாலாவது வாய்க்குக் கை நின்றது.

"நீ துன்னியாம்மா?"

"அப்பறமா, மாமா."

"இன்னா அப்பறமா?" என்று அதட்டினார். "நீயும் ஒரு தட்டு எடுத்துனு வா."

சொல்லிவிட்டு, சுவரோரம் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. வினிதா தட்டோடு வந்து, அதைத் துடைக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்தாள்.