பதினோரு பேரும் ஒரு டிபன் பாக்ஸும்

நில அளவை அலுவலகத்தில் நேற்று சாயங்காலம் பதினோரு பேருக்கு ஒரேயடியாக வாந்தியும் வயிற்றுப்போக்கும். சுகாதார ஆய்வாளர் என்கிற முறையில் விசாரிக்கப் போனது நான். பதினோராவது ஆள் என் வீட்டுக்காரர்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போனேன். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

தலைமை எழுத்தர் விட்டத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் டிபன் பாக்ஸ்லேருந்து கொஞ்சம் எடுத்துக்கிட்டேம்மா. வேற ஒண்ணுமில்ல."

அடுத்த கட்டிலும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும் அதையே. கடைசியில் என் வீட்டுக்காரர், போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, "நீ கட்டிக் குடுத்ததத்தான் எல்லாரும் பங்கு போட்டோம்" என்றார்.

நானும் அதையேதான் சாப்பிட்டேன், குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். ஆனால் மூடிய டப்பாவில் அரை நாள் இருந்தால் எதுவும் கெடும். சாயங்காலத்துக்குள் அறிக்கை போக வேண்டும். போனால் என் அடுப்படிக்கு நானே சீல் வைக்க வேண்டியதுதான். பத்து வருஷமாக ஒரு ஓட்டல் அடுப்படி விடாமல் மூக்கை நுழைத்தவள் நான். ஓட்டல்காரர்கள் சும்மா விடுவார்களா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்த டிபன் பாக்ஸின் அளவு நினைவுக்கு வந்தது. ஒரு ஆளுக்கே அரை வயிறு. பதினோரு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு ஸ்பூன் தேறாது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. படுத்தவர்களை மட்டும் கேட்டால் போதாது, படுக்காதவர்களையும் கேட்க வேண்டும். அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே தெம்பாக இருந்தவர் காவலாளி ஒருவர்தான்.

"நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கண்ணே?"

"உங்க சாப்பாடுதான்மா. ஆறு மாசமா அதுதான். சார் அப்படியே எங்கிட்ட குடுத்துடுவாரு. உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

"அப்போ சார் எங்கே சாப்பிடறாரு?"

அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு பதினோரு மணிக்கே எல்லாரும் எதிர் பேக்கரிக்குப் போயிடுவாங்க. நேத்து கிரீம் பன்னு. மேலிடத்துக்குத் தெரிஞ்சா வம்பு, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

பேக்கரியில் பிரிட்ஜ் கெட்டு இரண்டு நாளாகியிருந்தது. கிரீம் பன் வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. கடைக்குச் சீல் வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பினேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. "கோவமா?" என்றார் மெதுவாக.

கோபம்தான். ஆறு மாதமாக விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்திருக்கிறேன். மனசு வலித்தது. ஆனால் வேலை நேரத்தில் அதைக் காட்டக் கூடாது. அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.

"கிரீம் பன் சாப்பிட்டவர்கள் பதினோரு பேர். படுத்தவர்கள் பதினோரு பேர். அலுவலகத்தில் ஆய்வாளரின் சமையலைச் சாப்பிட்டவர் ஒரே ஒருவர். நலமாக இருக்கிறார்."

பிறகு, சாட்சிக் கையெழுத்துக்காக அவரிடமே பேனாவை நீட்டினேன்.