மேடை இறங்கிய சனிக்கிழமை

யோகலிங்கத்தின் இடது காலைச் சிறு வயதிலேயே போலியோ வாங்கிக்கொண்டுவிட்டது. லண்டனில் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தக் காலைத்தான் பேட்டி கண்டார்கள். ஒரு யூதத் தொழுகைக்கூடம் மட்டும் காலைப் பாராமல் துப்புரவு வேலையையும் கதவுத் திறப்புக் கோர்வையையும் கையில் கொடுத்தது. அந்த நன்றிக்காகவே அவன் தரையை முகம் பார்க்கிற அளவுக்குத் துடைப்பான்.

அடுத்த தெருவில் லெவின் என்ற வயதான தையற்காரர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இரண்டு காலையும் கொண்டுபோன பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான். மனைவியின் ஆண்டு நினைவுக்கு முந்திய சனிக்கிழமை, வேதச்சுருளின் முன்னால் தன் பெயரைச் சொல்லி அழைக்கவேண்டும். அவருக்கு வேறு ஆசையில்லை. ஆனால் சுருளை வாசிக்கும் மேடைக்குப் படிகள் இருந்தன. போன வருடம் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். "நான் சோபா இல்லை" என்று மனுசன் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

1991இல் அந்த நாள் மறுபடி வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் யோகலிங்கம் பலகையடித்துப் படிகளின்மேல் ஒரு சரிவு செய்தான். கூடத்தில் கிடந்த பழைய சக்கர நாற்காலியில் தானே ஏறிப் பரிசோதித்தான். பாதி ஏறியதும் நாற்காலி மனதை மாற்றிக்கொண்டு பின்னால் பாய்ந்து, முன்வரிசை இருக்கை வாங்கில் மோதி அவனைக் கவிழ்த்தது.

"பிரேக் பிடிக்கேல்லையோ?" என்றார் கூடத்தின் மதகுரு றபாய் ஃபிஷர்.

"பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான், சேர்."

பொழுது சாயப்போகிறது. அதன்பின் யூதர்களின் ஓய்வுநாள், சுத்தியல் தொடக்கூடாது. யோகலிங்கம் முழங்கையைத் தடவியபடி முணுமுணுத்தான்: "எங்கட ஊரில கோயிலுக்கு வர ஏலாதவையளுக்காகச் சாமியே தேரேறித் தெருவுக்கு வருவார். இஞ்ச புத்தகம் இறங்கி வரக்கூடாதோ?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். வேலை போச்சு.

றபாய் தாடியைச் சொறிந்தார். மேடையிலிருந்த வாசிப்பு மேசையைப் பார்த்தார். "மற்றப் பக்கத்தைப் பிடியும்" என்றார்.

ஓய்வுநாளில் அவர்கள் தெருவில் எதையும் தள்ளக்கூடாது. ஆகவே காலையில் யோகலிங்கமே லெவினைத் தள்ளி வந்தான். கூடம் முழுக்க வாங்கை விட்டு எழுந்து, தரையில் நின்ற மேசையைச் சுற்றி நின்றது. பெயர் அழைத்தார்கள். லெவின் சுருளுக்கு முன்னால் சொல்லும் ஆசிவாசகத்தைத் தொடங்கினார். குரல் கூரையைத் தொட்டது.

முடிந்ததும் எல்லோரும் அவர் கையைக் குலுக்கி, "உமது பலம் நிலைக்கட்டும்" என்றார்கள். அது அவர்கள் வழக்கம். லெவினோ கையைக் கதவடியில் நின்ற யோகலிங்கத்திடம் நீட்டி, அதையே சொன்னார்.

திரும்பும் வழியில், "நீர் நொண்ட நொண்ட எனக்கும் ஆடுது" என்று லெவின் குறைப்பட்டுக்கொண்டார்.

"தாலாட்டெண்டு நினையுங்கோ, சேர்."

"அப்ப வாற கிழமையும் நீர்தான் தள்ளவேணும்."

"வாற கிழமை என்ன விசேஷம்?"

"ஒண்டுமில்லை. சும்மா, எல்லாரையும் போல வரத்தான்."