நான்காம் பெட்டிக்கு அப்பால்

1

மனித அறிவின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: இந்தக் கதைக்கு முன், இந்தக் கதைக்குப் பின். இப்படிச் சொல்வது இதை எழுதுகிறவன்தான். 'நான்' என்று போட்டால் தற்பெருமை ஆகிவிடும் என்பதால் தன்னை 'அவன்' என்றே குறிப்பிடுகிறான். கல்லூரியில் கடைசி வருடம்; போய்வருவது ரயிலில். சாப்பாடு அக்கா வீட்டில்.

இது கதையாகப் பிறக்கவில்லை, சுவரொட்டியாகப் பிறந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடலாம். அவர்கள் பக்கத்துப் புறநகர் ரயில் நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாள் அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ எழுதுவியாமே. நம்ம ஸ்டேஷன் வரலாறு, வசதி எல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடு. படிச்சா ஜனங்க முன்னாடி நகரணும்."

"வரலாறு படிச்சு யாராவது நகர்ந்திருக்காங்களா சார்?"

"நகரலியே. அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்."

2

முதல் தொடக்கம்: "காலை வெயிலில் தண்டவாளங்கள் இரண்டு வெள்ளிக் கோடுகளாக" (அடித்துவிட்டான். தண்டவாளத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதை எழுதிவிட்டார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "நிலையம் கட்டப்பட்டபோது வண்டிக்கு நான்கே பெட்டிகள்." இது இருக்கட்டும்.

நடைமேடையும் கூரையும் நான்கு பெட்டி நீளம்தான் இருந்தன. பிறகு வண்டி ஒன்பது பெட்டியானது. நடைமேடையை நீட்டினார்கள். கூரையை நீட்டினார்கள். பெஞ்சு போட்டார்கள், குடிநீர்க் குழாய் வைத்தார்கள், முன்கோடியில் இன்னொரு டிக்கெட் கவுண்டரும் திறந்தார்கள்.* ஜனங்களை மட்டும் நீட்ட முடியவில்லை. இன்றைக்கும் அத்தனை பேரும் பழைய நான்கு பெட்டி இடத்தில்தான் நிற்கிறார்கள். காலை 8.10 விரைவு வண்டி வரும்போது காலிப் பெட்டிகள் ஐந்து தங்களைத் தாண்டி முன்னால் போய் நிற்பதை வேடிக்கை பார்த்துவிட்டு, பின்னால் வரும் நான்கில் முண்டியடிக்கிறார்கள். தினமும் நூறு பேர் ஏற முடியாமல் நின்றுவிடுகிறார்கள்.

* குறுக்கெழுத்துப் புதிரில் அந்தக் கவுண்டர்க்காரரை வெல்ல இந்த வட்டாரத்தில் ஆளில்லை.

3

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்க ஆள் வரப்போகிறார். ஏறுகிறவர்கள் முந்நூறு பேருக்குக் குறைந்தால் 8.10 இனி இங்கே நிற்காது. நடைமேடையில் நிற்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். பின் நான்கு பெட்டிகளிலோ எவ்வளவு திணித்தாலும் இருநூறு பேர்தான்.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. 8.10 இல்லையென்றால், தினமும் அடுத்த வண்டியில் தாமதமாகப் போக முடியாது என்று வேலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் போய்விடுவாள். தம்பி தானே சமைத்துச் சாப்பிட வேண்டும். (வாசகர் இங்கே கலங்கலாம்.)

"அக்கா, கொஞ்சம் முன்னாடி நடந்தா உக்காந்துட்டே போகலாம்."

"அங்க ஏறினா, இறங்குற இடத்துல படிக்கட்டு தூரம்டா. ரெண்டு நிமிஷம் கூட ஆகும்."

"வாரத்துல ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் பதினஞ்சு நிமிஷம் நிக்கிறியே?"

"அது நிக்கிறது. இது நடக்கிறது. ரெண்டும் ஒண்ணா?"

(இந்த வசனம் கற்பனையல்ல. இவ்வளவு நன்றாக அவனுக்கு வராது.)

சுவரொட்டியை அவன் எழுதினான். வரலாறு நாலு வரி, வசதிகள் மூன்று வரி, மிச்சமெல்லாம் திட்டு. ஸ்டேஷன் மாஸ்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆட்டுமந்தைன்னு போட்டிருக்கியேப்பா."

"உவமை சார்."

"லீவு நாள்ல நானும் அங்கதான் நிக்கிறேன்."

4

முடிவு அ: அத்தனை பேரும் மனம் திருந்தி, வரிசையாக, கண்ணீர் மல்க முன்னால் (இதை எழுதுகிறவனே நம்பவில்லை.)

முடிவு ஆ: வண்டி நிற்பதில்லை. அக்கா அறை எடுத்துப் போகிறாள். தம்பி அடுப்பைப் பற்றவைத்து, அரிசியைக் கழுவி, எவ்வளவு தண்ணீர் என்று (எழுதும்போதே பசித்தது. நிறுத்திவிட்டான்.)

5

நடந்தது இதுதான். வியாழன் காலை சுவரொட்டியின் முன்னால் அக்கா நின்றாள்.

"டேய், ஆட்டுமந்தைன்னு யாரச் சொன்ன?"

"பொதுவாச் சொன்னேன்க்கா."

அக்கா பையைத் தோளில் ஏற்றினாள். அவனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முன்னால் நடந்தாள். கூட வேலை செய்யும் இரண்டு பேர் அவள் பின்னால் போனார்கள். முன்னால் ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று இன்னும் பலர் போனார்கள். கணக்கெடுக்க வந்தவர் கையிலிருந்த எண்ணும் கருவியைத் துடைத்துத் தயாரானார்.

அவன் தூணில் சாய்ந்து, 'பழக்கத்தின் கொத்தடிமைகள்' என்ற சொற்றொடரை நோட்டுப் புத்தகத்தில் செதுக்கிக்கொண்டிருந்தபோது வண்டி வந்தது. ஐந்து காலிப் பெட்டிகள் அவனைத் தாண்டிப் போயின. முன்னாலிருந்து குரல் கேட்டது.

"டேய், இங்க வாடா! ஜன்னலோர சீட்டு இருக்கு!"

"நீ போக்கா, நான் இங்கயே ஏறிக்கிறேன்."

அவன் எதிரே வந்து நின்ற பெட்டி முந்தைய நிலையங்களிலேயே நிரம்பியிருந்தது. ஏழெட்டுப் பேர் எப்படியோ உள்ளே போனார்கள். அவன் போகவில்லை. வண்டி நகர்ந்தது.

கணக்கெடுத்தவர் நடைமேடை ஓரமாக வந்தார். "என்ன தம்பி, ஏறலையா? ஒருத்தர் ரெண்டு பேர்ல என்னென்னமோ ஆகுது பாருங்க." எண்ணும் கருவியை அவன் பக்கம் திருப்பினார்.

அவன் அதைப் பார்க்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைப்பதில் மும்முரமாக இருந்தான். ஆகவே அந்த எண்ணை வாசகர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்: ______. முந்நூறு என்று போடுகிறவர்களுக்கு அவன் நன்றியுள்ளவன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று போடுகிறவர்கள் அக்காவிடம் சொல்லாமலிருந்தால் போதும்.

அடுத்த வண்டிக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. முன்பக்க நடைமேடை முழுக்கக் காலி. அவன் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு தூணுக்குப் பக்கத்தில், பின்னாலிருந்து நான்காம் பெட்டியின் கதவு வந்து நிற்கும் இடமாகப் பார்த்து, அரையடி நகர்ந்து நின்றுகொண்டான்.