உப்புப் போட்ட ஐஸ்

முதல் இரண்டு முறை ஊசி வேலை செய்தது. அடுத்த இரண்டு முறை செய்யவில்லை. அதே மருந்து, அதே அளவு, அதே உடம்பு. ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பிட்டர். அச்சுக்குள் ஓடும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் என் பொறுப்பு. தண்ணீர் நாலு டிகிரி ஏறினால் வாளி கோணிக்கொள்ளும். ஏன் ஏறியது என்று கண்டுபிடிக்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்குத் தன் தோலில் நடப்பது தெரியவில்லை.

ஒன்றரை வருடமாக அந்தத் தோல் எனக்கே குமட்டியது. மத்தியானம் பெல்ட் அழுத்தும் இடத்தில் முதல் தடிப்பு எழும். பிறகு விலா, தொடை, கழுத்து என்று பரவி, ஓரம் சிவந்து நடுவில் வெளுத்து, யாரோ வேகாத அடையை உடம்பெல்லாம் அப்பிவிட்டது போல இருக்கும். சில நாள் கீழுதடு ரத்தம் குடித்த அட்டை மாதிரி தொங்கும். சொறிந்து சொறிந்து நகத்துக்கடியில் தோல் மாவாகச் சேரும். அந்த நகத்தோடு சோற்றைப் பிசையப் பிடிக்காமல் ஸ்பூனுக்கு மாறினேன். காலையில் படுக்கை விரிப்பில் ரத்தப் புள்ளிகள். என் மனைவி கிறிஸ்டினா அதைக் குச்சியால் தூக்கி வெந்நீரில் போடுவாள். நான் இல்லாத நேரம் பார்த்துத்தான் போடுவாள். எனக்குத் தெரியும்.

என் கூட வேலை செய்யும் அரசப்பனுக்கு அருவருப்பை மறைக்கத் தெரியாது. கேன்டீனில் நேராகவே சொன்னான்.

"ஜெரால்ட் அண்ணே, நீ சாம்பார் கரண்டிய தொடாத, நானே ஊத்தறேன். தப்பா நெனைக்காத. அத பாத்தா காலைல துன்ன நாஷ்டா வெளிய வந்துடும்."

"இது ஒட்டாதுடா."

"ஒட்டாது, சரி. கண்ணுக்குத் தெரியுதே?"

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜானவிதான் எனக்கு விளங்கும்படி சொன்னார். தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்று நுண்ணிய பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின். அது வெளியே கொட்டினால் ரத்தக் குழாய் கசிந்து தோல் தடிக்கும், அரிக்கும். அலர்ஜி மாத்திரை அந்தக் கொட்டலை நிறுத்துவதில்லை. ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தில் முந்திக்கொண்டு உட்காருகிறது, அவ்வளவுதான். நான் தினம் நாலு மாத்திரை விழுங்கியும் பலனில்லை. ஊசி இன்னும் மேலே போய் வேலை செய்கிறது. ஐஜிஇ என்ற புரதம் ரத்தத்தில் சுற்றிவந்து அந்தப் பைகளின்மேல் ஒட்டி, அவற்றைக் கொட்டத் தயாராக வைக்கிறது. ஊசி மருந்தும் ஒரு புரதம்தான். ஐஜிஇயை அது வழியிலேயே பிடித்துக்கொள்ளும். கசிந்த எண்ணெயைத் துடைப்பது மாத்திரை, வால்வை மூடுவது ஊசி என்று நான் புரிந்துகொண்டேன்.

நாலு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். முதல் இரண்டு முறையும் ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். பத்தாவது நாள் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வெறும் தோல். அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். மூன்றாவது முறையிலிருந்து, புதுவாயல் கிளினிக்கில் போட்டுக்கொள்ள டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருந்தை மட்டும் சென்னையிலிருந்து கொண்டுவர வேண்டும்.

கிறிஸ்டினாவின் தம்பி பாக்கியராஜ் புதுவாயலில் மீன் விற்கிறான். தினம் விடியுமுன் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போய்ச் சரக்கு எடுத்து வருவான். அங்கே இரவெல்லாம் திறந்திருக்கும் மருந்துக் கடையில் என் மருந்தையும் வாங்கி வர ஒப்புக்கொண்டான். இரண்டிலிருந்து எட்டு டிகிரி, உறையக் கூடாது என்று மருந்து அட்டையில் அச்சடித்திருந்தது. நான் படித்திருந்தேன். அவனிடம், "ஜில்லுனு எடுத்தாந்துடு மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு தடிப்பு திரும்பியது. நாலாவதற்குப் பிறகு உதடும் தொங்கியது. ஐந்தாவதும் கேட்கவில்லை என்றால் இந்த மருந்தை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். அடுத்து இருப்பது வேறு மருந்து. அதைத் தின்றால் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் தோலை வெறும் தோலாக்கிய ஒரே பொருள் கைவிட்டுப் போகப் போகிறது.

ஐந்தாவது ஊசியை வாங்க, வேலைக்குப் போகும் வழியில் பாக்கியராஜின் கடையில் நின்றேன். பெட்டியின் மூடியைத் திறந்தான். குடலும் ரத்தமும் கலந்த பழுப்புத் தண்ணீரின் நாற்றம் மூக்கில் அறைந்தது. அதற்குள் கைவிட்டு என் மருந்தை எடுத்தான். பிளாஸ்டிக் உறையில் வழவழவென்று சளி. இது சுற்றிய பொருளையா உடம்புக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

"இன்னா மாமா மூஞ்ச சுளிக்கிற? கவர் போட்டுத்தானே வெச்சிக்கிறேன்."

"கவர் மேல இன்னாடா ஒட்டிக்கினு இருக்குது?"

"வஞ்சிரம் செதிலு. காஸ்ட்லி செதிலு மாமா, தொடச்சிக்கோ." சிரித்துக்கொண்டே ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்து நீட்டினான். "இந்தா, தண்ணி குடி."

பாட்டில் கல்லாக இருந்தது. கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

"இது எப்பட்றா உறைஞ்சுது?"

"மருந்துக் கடைக்காரன் குடுக்கற பொட்டி இத்துனூண்டு. வர்றதுக்குள்ள ஜில்லு பூடும். அத தூக்கிப் போட்டுட்டு நம்ம ஐஸுக்கு நடுவுல பொதச்சி எடுத்தாரேன். உனுக்காவ, மாமா."

உருகும் ஐஸ் பூஜ்யம் டிகிரியில் நிற்கும். அதனால் பக்கத்தில் இருக்கும் தண்ணீரை உறைய வைக்க முடியாது. பாட்டில் உறைந்திருக்கிறது என்றால் அந்தப் பெட்டி பூஜ்யத்துக்கும் கீழே.

"ஐஸ்ல இன்னா போட்ட?"

"கல்லுப்புதான். மீனு வெறைப்பா நிக்கும். இது தெரியாதா உனுக்கு?"

தெரியும். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழேயே உருகும். உருகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். சில்லர் தண்ணீரைச் சோதிக்கப் பையில் வைத்திருந்த தெர்மாமீட்டரை மீன்களுக்கு நடுவே செருகினேன். மைனஸ் பதினொன்று. அட்டையைப் பிரித்தேன். தண்ணீர் போல இருக்க வேண்டிய மருந்து, ஊசிக் குழாய்க்குள் மெழுகுவத்தி போல வெளுத்து நின்றது.

போன இரண்டு முறையும் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்ததை அட்டையைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலத்துக்குள் இளகித் தெளிந்துவிட்டது. ஊசி போட்ட கிளினிக் நர்ஸ் நர்மதாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் புரதம் என்பது ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்த நூல். உறைந்தால் அந்த மடிப்பு கெடலாம். கோணிய மூடி வாளியில் உட்காராதது போல, கெட்ட புரதம் ஐஜிஇயைப் பிடிக்காது.

"அப்ப ரெண்டு தபா நீ போட்டுக்கினது?" பாக்கியராஜின் முகம் சுருங்கியது.

"செத்த மருந்து."

"நான் நல்லதுக்குத்தான் மாமா செஞ்சேன்."

"அட்டைல போட்டிருந்தத உனுக்குச் சொல்லாம உட்டது நான்டா."

டாக்டருக்குப் போன் செய்தேன். உறைந்ததைப் போட வேண்டாம், புதிதாக வாங்குங்கள், அந்த இரண்டு முறையையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார்.

அடுத்த நாள் லீவு போட்டு நானே சென்னை மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொடுத்த தெர்மாகோல் பெட்டியிலேயே வைத்தேன். ஐஸ் பையைத் துண்டில் சுற்றி, அதற்கும் மருந்துக்கும் நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகி, தெர்மாமீட்டரையும் உள்ளே போட்டேன். வழியெல்லாம் நாலுக்கும் ஆறுக்கும் நடுவே காட்டியது. மருந்து தெளிவாகவே வந்து சேர்ந்தது. ஊசி போட்ட ஒன்பதாம் நாள் பெல்ட்டுக்கடியில் தடிப்பில்லை. இப்போது மருந்தை மறுபடி பாக்கியராஜ்தான் கொண்டுவருகிறான்: உப்பில்லாமல், மீன் பெட்டிக்கு வெளியே, துண்டு சுற்றிய ஐஸோடு, இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்.